முதுகு முறிஞ்ச ஆடு ஒம்பது மணி நேரம் கிடந்துது. நான் என்ன செஞ்சிருக்கோணும்?

கொரங்காட்டுக்காரன் (வெள்ளகோவில் பக்கம்)

வணக்கமுங்க. எழுதறதா வேண்டாமான்னு ஒரு வாரமா வெசனப்பட்டுட்டு இப்பத்தான் எழுதறேன். திட்டறவங்க திட்டிக்கலாம்.

எனக்கு அஞ்சேகால் ஏக்கர் கொரங்காடு, ஆடு மேயற நெலமுங்க. சுத்தியும் கிளுவை வேலி, உள்ள கொழுக்கட்டைப் புல்லு, நாலஞ்சு வெள்வேல மரம். அய்யன் காலத்துல இருந்தே மயிலம்பாடி செம்மறிதான். நான் கோயமுத்தூர்ல கம்பெனி வேலைய விட்டுட்டு வந்து நாலு வருசமாச்சு. பெருசும் குட்டியுமா 31 உருப்படி இருந்துது.

போன வியாழக்கிழமை விடியக்காலை நாலரை இருக்கும். நாய் சத்தம் கேக்கவே இல்லைங்க. ஆடு கடிச்சுப் பழகுன நாய் குலைக்காதுன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. பட்டிக்குள்ள ஆட்டுக் காலடிச் சத்தம்தான் கேட்டுது, தகரத்துல மழை விழுந்த மாதிரி. டார்ச்சை எடுத்துட்டு ஓடறதுக்குள்ள அஞ்சு நாய் படலைத் தாண்டி வேலிச் சந்துல பூந்து போயிருச்சு. நாலு உருப்படி செத்துக் கிடந்துது. ரெண்டுக்குத் தொடைல கடி. ஏழாவது சுட்டி.

சுட்டின்னா நெத்தில தவிட்டு நிறத்துல ஒரு பொட்டு வச்ச பெட்டை. மூணாம் ஈத்து, நாலு மாசச் சினை. கடி வாங்குனது கம்மிதான். கல்லுக்கட்டு மேல விழுந்து, அதுக்கு மேல மத்ததெல்லாம் ஏறி மிதிச்சிருக்கு. முன்னங்கால் ரெண்டையும் ஊனி எந்திரிக்கப் பாக்கறா, இடுப்புக்குக் கீழ ஒண்ணுமே வர மாட்டேங்குது. கத்தவும் இல்லைங்க. பல்லை நறநறன்னு கடிச்சுட்டே கிடந்தா.

எனக்குப் பழக்கமான டாக்டருக்குப் போன் அடிச்சேன், அவரு ஊர்ல இல்லை. பக்கத்துத் தோட்டத்து அண்ணன் வந்து பாத்துட்டு, "இடுப்பு போயிருச்சு தம்பி, அறுத்துரு"ன்னாரு. நான் நோம்பிக்குக் கெடா வெட்டறதையே தள்ளி நின்னு பாக்கற ஆளு. வீட்டுக்காரி, "சினை ஆட்டுக் கழுத்துல நம்ம கையால கத்தி வைக்கறதா"ன்னு அழுதுட்டா. அவரோட கத்தியவும் நான் பாத்தேன், தேங்கா உடைக்கற அருவா. கறிக்கடைக்காரரைக் கூப்பிட்டேன், "நாய் கடிச்சதை நான் தொட மாட்டேனுங்க"ன்னுட்டாரு. தண்ணி வச்சோம், நிழலுக்கு இழுத்துப் போட்டோம். மணி எட்டாச்சு, பத்தாச்சு, பன்னெண்டாச்சு.

ஒண்ணரைக்கு ஒரு யாவாரி டிவிஎஸ் எக்ஸெல்ல வந்தாரு. யாரு சொன்னாங்களோ. 1,800 ரூவா குடுத்தாரு. கேரியர்ல குறுக்கப் போட்டு, சைக்கிள் டியூப்புல ரெண்டு சுத்து கட்டுனாரு. தலை ஒரு பக்கம் தொங்குச்சு. வண்டி மண்ணு ரோட்டுல குலுங்கிக் குலுங்கிப் போறதப் பாத்துட்டே நின்னேன். கண்ணைத் திறந்துட்டேதான் போனா.

அந்த 1,800 ரூவா இன்னும் மாடத்துலதான் இருக்கு.

என்ற கேள்வி இதுதானுங்க. விடியக்காலை அந்த அரை மணி நேரத்துக்குள்ள நான் என்ன செஞ்சிருக்கோணும்? இந்த மாதிரிப் பொழைக்காத உசுர நாமளே முடிக்கலாமா, சட்டம் என்ன சொல்லுது? வலி இல்லாம முடிக்க வழி இருக்குதா? அந்தக் கறிய ஆராச்சும் தின்னா ஒண்ணும் ஆகாதா? சுட்டி காதுல இன்சூரன்ஸ் தோடும் இருந்துது, அது போனது போனதுதானா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.


ஆட்டுக்கார ஆத்தா (மூலனூர். சொல்றது ஆத்தா, தட்டறது பேத்தி)

கண்ணு, அழுவாத. நீ அறுக்காதது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். யாவாரிகிட்டத் தூக்கிக் குடுத்தது தப்பு. அத நீயே எழுதிட்ட, அதுக்கு மேல பேசலை.

எனக்கு எழுவத்தி ரெண்டு வயசு. ஆடு பாத்து அம்பத்தஞ்சு வருசம். நான் கையால முடிச்சது மொத்தமே ஆறு உருப்படிதான். அதுக்காகக் காப்பாத்துனதையும் சொல்லோணுமில்ல? கால் முறிஞ்சா எல்லாரும் உடனே கறிக்கடைக்குப் போன் போடறானுக. முழங்காலுக்குக் கீழ முறிஞ்சு, எலும்பு தோலைக் கிழிச்சு வெளிய வராம இருந்தா அது கூடிரும் சாமி. பஞ்சு சுத்தி, மூங்கிப் பத்தை நாலு வச்சு, ரொம்ப இறுக்காம கட்டு. இப்பெல்லாம் பிளாஸ்டிக் பைப்ப ரெண்டாப் பொளந்து கட்டறாங்க, அது இன்னும் சுலுவு. முறிஞ்ச எடத்துக்கு மேல ஒரு கணு, கீழ ஒரு கணு சேத்துக் கட்டோணும். கட்டுக்குக் கீழ காலு சில்லுன்னு ஆகுதா, வீங்குதான்னு தினம் தொட்டுப் பாரு. குட்டின்னா ஒரு மாசம், பெருசுன்னா ஒண்ணரை மாசம். என்ற வெள்ளாடு ஒண்ணு அப்பிடிக் கட்டுப் போட்டு அதுக்கப்பறம் நாலு ஈத்து ஈனுச்சு.

தொடை எலும்பு முறிஞ்சா பத்தை நிக்காது. குடல் வெளிய வந்து மண்ணுல பொரண்டு போயிருச்சுன்னாலும், இடுப்பு விழுந்து சூடு சொரணை இல்லாம கிடந்தாலும் ரோசனை பண்ணாத.

பேத்தி சொல்றா: ஆத்தா இத்தனைக்கும் கறி திங்க மாட்டாங்க.


ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்

தம்பி, நீங்கள் கேட்ட வரிசையிலேயே போக முடியாது. அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அன்று அந்த ஆட்டை, நாய்க்கடி வாங்கிய மற்ற ரெண்டை, செத்த நாலை வெறுங்கையால் தூக்கினீர்களா? கையில் சிராய்ப்பு, நகக்கீறல் ஏதாவது இருந்ததா? இருந்தால் இன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் விஷயத்தைச் சொல்லி வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். ஒரு வாரம் ஆகிவிட்டதே என்று விடாதீர்கள். கடித்து ஓடிய நாய் வெறி பிடித்ததா இல்லையா என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கடிபட்ட ரெண்டு ஆட்டுக்கும் தொடர் ஊசி உண்டு. காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவுவதுதான் முதல் மருந்து. கடித்த இடத்தில் மஞ்சளையும் சுண்ணாம்பையும் அப்பிவிட்டுக் கழுவாமல் கூட்டிவந்தவர்களோடு முப்பது வருடம் சண்டை போட்டிருக்கிறேன்.

இப்போது சுட்டி. முதுகெலும்பு போயிருக்கிறதா என்று பார்க்கப் படம் எடுக்க வேண்டியதில்லை. பின்னங்கால் குளம்பின் பிளவுக்கு நடுவில் இருக்கும் தோலை விரலால் அழுத்திக் கிள்ளுங்கள். காலைச் சுண்டி இழுத்தால் மட்டும் போதாது, தண்டுவடம் அறுந்தாலும் கால் தானாகச் சுண்டும். தலையைத் திருப்பிப் பார்க்கிறதா, முகம் சுளிக்கிறதா, அதைப் பாருங்கள். ரெண்டு காலிலும் அப்படி எதுவும் இல்லை, வால் துவண்டு கிடக்கிறது, சிறுநீர் தானாக ஒழுகுகிறது என்றால் நான் வந்தாலும் செய்ய ஒன்றுமில்லை. செம்மறி வலியில் கத்தாது. கத்தினால் ஓநாய்க்குக் காட்டிக்கொடுத்துவிடும் என்று பழகிய இனம். நீங்கள் கேட்ட அந்தப் பல் கடிக்கும் சத்தம்தான் அதன் அலறல்.

நான் செய்திருப்பது மயக்க மருந்தை அதிக அளவில் நரம்பில் ஏற்றுவது. அரை நிமிடத்தில் தலை சாயும், அதற்குப் பிறகு எதுவும் தெரியாது. ஆனால் அந்த உடலை யாரும் தின்னக் கூடாது, நாயும்கூட. ஆறடி ஆழம் தோண்டிச் சுண்ணாம்பு போட்டு மூட வேண்டும். மேலோட்டமாகப் புதைத்தால் அதே அஞ்சு நாய் அடுத்த ராத்திரி தோண்டும். மருத்துவர் வரத் தாமதமானால் வலிக்கு மெலாக்சிகம் ஊசி போட்டு வைக்கலாம், மருத்துவர் தொலைபேசியில் அளவு சொல்வார். பழைய டைக்ளோபெனாக் புட்டி எங்காவது கிடந்தால் தூக்கிப் போடுங்கள். பிணம் தின்னும் கழுகுகள் அதனால்தான் அழிந்தன, மாடு ஆட்டுக்கு அதைப் போடக் கூடாது என்று 2006லேயே தடை வந்தாயிற்று. மெலாக்சிகம் கழுகுக்கு ஒன்றும் செய்வதில்லை.

சினை பற்றி உங்கள் வீட்டில் அழுதது நியாயம். செம்மறிக்கு ஏறக்குறைய 150 நாள் சினை. நாலு மாதக் குட்டி வெளியே வந்தால் நிற்காது. தாய் போன பிறகு அவசரப்பட்டு வயிற்றைக் கிழித்துக் குட்டியை வெளியே இழுப்பார்கள், அதைச் செய்யாதீர்கள். உள்ளே இருக்கும் வரை அது மூச்சு விடாது, விழிக்காது, தாயோடு சேர்ந்து அடங்கிவிடும். குறைந்தது இருபது நிமிடம் வயிற்றைத் தொடாமல் விட வேண்டும். இன்றோ நாளையோ ஈனப்போகிறது என்ற நிலை என்றால் மட்டும் கதை வேறு, அப்போது மருத்துவர் முதலில் குட்டியை எடுத்துவிட்டுத் தாயைப் பார்ப்பார்.

சட்டம். உங்கள் சொந்த ஆடு, பிழைக்காத காயம், தேவையில்லாத வலி கொடுக்காமல் அதன் உயிரை முடிப்பதற்காக எந்தக் காவல் நிலையமும் உங்களைத் தேடி வராது. விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம், 1960, உணவுக்காக அறுப்பதைக்கூட அனுமதிக்கிறது, அனாவசிய வேதனை இருக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. அதே சட்டத்தின் 13ஆம் பிரிவு, பிழைக்கவே முடியாத விலங்கை அதிகாரிகள் மருத்துவரின் சான்றோடு கொன்றுவிட வழி செய்கிறது. கேட்பாரில்லாமல் ரோட்டோரம் அடிபட்டுக் கிடப்பவற்றுக்கு அது பயன்படும். மாறாக, துடிக்கிற பிராணியை வேதனை தரும் விதத்தில் வண்டியில் கட்டிக் கொண்டுபோவது 11ஆம் பிரிவில் குற்றம். முதல் தடவைக்கு அபராதம் பத்து ரூபாயில் தொடங்கி ஐம்பது ரூபாய் வரை! பல பத்தாண்டுகளுக்கு முன் போட்ட தொகை, இன்னும் அப்படியே இருக்கிறது. ஆக, நீங்கள் பயந்தது சட்டம் விட்டுவிடும் காரியத்துக்கு, செய்தது சட்டம் தடுக்கும் காரியத்தை.

மாடு என்றால் இவ்வளவு சுலபம் இல்லை. 1958ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சட்டப்படி மாடு, எருமை எதை அறுப்பதற்கும் எழுத்தில் சான்று வேண்டும். பத்து வயதைத் தாண்டி உழைக்கவும் ஈனவும் ஆகாததாக இருக்க வேண்டும், அல்லது காயத்தாலோ தீராத நோயாலோ நிரந்தரமாக முடங்கியிருக்க வேண்டும். பசு, கிடாரியை அறுப்பதற்கு 1976லேயே தடை ஆணை வந்துவிட்டது. கிணற்றில் விழுந்து இடுப்பு போன பசுவுக்கு மருத்துவரின் ஊசிதான் வழி. ஊரில் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள், கேட்காதீர்கள்.

கறி. நாய்க்கடி பட்டது வேண்டாம், முடிந்தது. பொதுவாகச் சொன்னால், நேற்று வரை நன்றாக இருந்து இன்று தடுக்கி விழுந்து கால் முறிந்த ஆட்டின் கறியில் குறை இல்லை. ஏற்கெனவே காய்ச்சலில் கிடந்ததை, "சாகப்போகுது, அதுக்குள்ள அறுத்துரலாம்" என்று அறுப்பதுதான் ஆபத்து. ஆட்டுக்கு 102, 103 டிகிரி இயல்பு. அதற்கு மேலே இருந்தால் கத்தியை எடுக்காதீர்கள். ஊசி போட்டிருந்தால் அந்த மருந்துப் புட்டியில் எத்தனை நாள் கறி ஆகாது என்று அச்சிட்டிருக்கும். நீண்ட நாள் வேலை செய்யும் ஆக்ஸிடெட்ராசைக்ளினுக்கு 28 நாள் போட்டிருப்பார்கள். எல்லாவற்றையும்விட, சாயங்காலம் நன்றாக மேய்ந்து, காலையில் வயிறு ஊதிச் செத்துக் கிடந்து, மூக்கிலோ ஆசனவாயிலோ கறுத்த உறையாத ரத்தம் வழிந்தால், அது அடைப்பானாக (ஆந்த்ராக்ஸ்) இருக்கலாம். தோலை உரிக்காதீர்கள், கிழித்தும் பார்க்காதீர்கள். காற்றுப் பட்டால் அந்தக் கிருமி வித்தாக மாறி அந்த மண்ணிலேயே பல பத்தாண்டுகள் கிடக்கும்.

இன்சூரன்ஸ். நம் ஊர்ப் பாலிசிகளில் வேண்டுமென்றே கொன்றால் பணம் கிடையாது என்று இருக்கும். அதற்குக் கீழேயே ஒரு விலக்கும் இருக்கும்: தீராத வேதனையை முடிப்பதற்காக, தகுதியுள்ள கால்நடை மருத்துவரின் சான்றோடு கொன்றிருந்தால் பணம் உண்டு. யாரும் அந்த வரியைப் படிப்பதில்லை. காதுத் தோடு, புகைப்படம், சான்று மூன்றும் வேண்டும். விற்றுவிட்ட ஆட்டுக்கு ஒன்றும் செய்ய முடியாது, தோடு யாவாரியோடு போய்விட்டது. செத்த நாலுக்குப் பிரேதப் பரிசோதனை செய்திருக்கிறீர்களா?

கடைசியாக, 1962 என்ற எண்ணைப் பட்டிச் சுவரில் எழுதி வையுங்கள். நடமாடும் கால்நடை மருத்துவ வண்டிக்கான எண்.


அன்பே_சிவம்

கொடுத்த உயிரை எடுக்க நமக்கு உரிமை இல்லை. எட்டு மணி நேரமோ எட்டு நாளோ, பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் கொடுத்து, அது தானாகப் போகும்வரை காத்திருப்பதுதான் தர்மம். வள்ளலார் பிறந்த நாட்டில் கத்தி பிடிக்கச் சொல்லிக்கொடுக்கிறீர்கள்.


ஆட்டுக்கார ஆத்தா

ஒரு ராத்திரி வந்து பக்கத்துல உக்காருங்க சாமி. ஈ மொய்க்கும். ரெண்டாம் நாளு புழு வைக்கும், படுத்த பக்கம் தோலு அழுகும். தண்ணி குடுத்தா மட்டும் தர்மம் ஆயிருமா? உங்களால அறுக்க முடியாதுன்னு சொல்லுங்க, மரியாதையா ஒத்துக்கறேன். (பேத்தி: ஆத்தா கோவமா இருக்காங்க, மன்னிச்சுக்குங்க.)


மூணாந்தலைமுறை கறிக்கடை (திண்டுக்கல்)

கத்தி பத்தி யாரும் பேசல, அதனால நான் பேசறேன்.

தம்பி, உங்க பக்கத்துத் தோட்டத்து அண்ணன் அந்த அருவாளைத் தூக்காம விட்டது நல்லதாப் போச்சு. நோம்பிக்கு ஒரே வெட்டுல தலை துண்டாகிற மாதிரி வெட்டறவங்க இருக்காங்க, அது பழக்கப்பட்ட கை. பழக்கமில்லாதவன் பதட்டத்துல வெட்டினா முதல் வெட்டு தோள்ல விழும், ரெண்டாவது கொம்புல விழும். அந்தக் கொடுமையை நான் பாத்திருக்கேன்.

அறுக்கற கத்தி கழுத்தோட அகலத்துக்கு ரெண்டு மடங்காச்சும் நீளம் இருக்கணும். முனை இருந்தாக் குத்தும், வேண்டாம். கல்லுல தீட்டிட்டு ஒரு காகிதத்தைத் தொங்கவிட்டு அறுத்துப் பாக்கணும், சத்தமில்லாம இறங்கணும். எங்க அத்தா சொல்லிக் குடுத்தது ரெண்டு: ஆடு பாக்கக் கத்தி தீட்டாதே, ஒரு ஆடு பாக்க இன்னொண்ணை அறுக்காதே. இது எங்க மார்க்கத்துலயே இருக்கு. ஆனா நான் சொல்றேன், எந்தச் சாமி கும்பிடறவனுக்கும் இது நல்லது.

இடது பக்கம் சாய்ச்சுப் படுக்க வச்சு, ஒருத்தர் தோள்லயும் காலுலயும் அமுக்கிப் பிடிக்கணும். முட்டிக்காலைக் கழுத்துல வைக்கக் கூடாது. தாடைக்குக் கீழ தலையைப் பின்னால நீட்டிப் பிடிச்சா தோல் இறுகி நிக்கும். அங்க ஒரே இழுப்பு. மூச்சுக்குழல், உணவுக்குழல், ரெண்டு பக்கத்து ரத்தக்குழாயும் போகணும். ஒரு பக்கம் மட்டும் போயி இன்னொரு பக்கம் நின்னுட்டா அது நெடுநேரம் முழிச்சுட்டே இருக்கும், அதுதான் பாவம். ரத்தம் பீச்சி அடிக்கறது ரெண்டு பக்கமும் தெரியணும். உடனே தலையைத் திருகறது, முதுகெலும்பை உடைக்கறது, தண்ணியை ஊத்தறது எதுவும் வேண்டாம். பிடியைத் தளர்த்தாம இருங்க.

கால் உதைக்கறதைப் பாத்துட்டு "இன்னும் உயிர் இருக்கு"ன்னு மறுபடியும் அறுக்க வராதீங்க. அது வெறும் உதைப்பு. கண்ணு முழியை விரல்ல லேசாத் தொட்டுப் பாருங்க, இமை ஆடலைன்னா, நெஞ்சு ஏறி இறங்கலைன்னா அதுக்கு எதுவும் தெரியலை. முழுசா அடங்கற வரைக்கும் தோல்ல கை வைக்கக் கூடாது.

இன்னொண்ணு. முட்டி வாங்கினதோ, உயரத்துல இருந்து விழுந்ததோ, மிருகம் கடிச்சதோ, அது உயிரோட இருக்கறப்பவே அறுத்துட்டா ஆகும், செத்துப் போயிட்டா ஆகாதுன்னு குர்ஆன்லயே வசனம் இருக்கு. அதைக் காட்டி நாய் கடிச்ச ஆட்டை என்கிட்ட அரை விலைக்குத் தள்ளப் பாத்தவங்க உண்டு. மார்க்கத்துல ஆகும், கடையில ஆகாதுன்னு திருப்பி அனுப்பிடுவேன். டாக்டர் சொன்ன காரணம்தான். உங்க ஊர்க் கறிக்கடைக்காரர் தொட மாட்டேன்னது நேர்மையான பதில். அந்த யாவாரி எந்தக் கடைக்குக் கொண்டு போனாருன்னு விசாரிங்க.


ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்

கறிக்கடைத் தம்பி சொன்ன ரெண்டு பக்கக் குழாய் விஷயம் மிகவும் சரி. செம்மறியில் ரெண்டையும் ஒருசேர அறுத்தால் மூளை சராசரியாகப் பதினான்கு வினாடியில் அடங்குகிறது, ஒன்று மட்டும் என்றால் ஒரு நிமிடத்துக்கு மேல். மாட்டில் ரெண்டும் போனாலும்கூட கழுத்தெலும்புக்குள் ஓடும் இன்னொரு குழாய் மூளைக்கு ரத்தம் கொடுத்துக்கொண்டிருக்கும், அதனால் இன்னும் நீளும். மாட்டுக்குக் கத்தி வேண்டாம் என்று நான் சொன்னதற்கு சட்டம் மட்டும் காரணம் இல்லை.


பால்பண்ணைத் தமிழன் (அயர்லாந்து)

மன்னார்குடிப் பக்கத்துப் பையன். இங்க ஒரு பால் பண்ணையில மூணு வருஷமா வேலை. இதே மாதிரி ஒண்ணு பார்த்ததால எழுதறேன்.

போன பனிக்காலத்துல கறவைக் கூடத்துக்குப் போற சிமெண்ட்டுத் தளத்துல வழுக்கி ஒரு மாடு ரெண்டு பின்னங்காலும் அகட்டி விழுந்துடுச்சு. இடுப்பு மூட்டு கழன்டுடுச்சு. நான் ஊர்ப் பழக்கத்துல கயிறு எடுத்துட்டு ஓடினேன், நாலு பேர் சேர்ந்து தூக்கி வண்டியில ஏத்தலாம்னு. பண்ணைக்காரர் என் கையைப் பிடிச்சு நிறுத்தினார். நிக்க முடியாத மாட்டை வண்டியில ஏத்தறதே இங்க குற்றம். இழுக்கவும் கூடாது. கீழ வைக்கோலைப் போட்டு, மேல போர்வை போட்டு, மருத்துவரைக் கூப்பிட்டார். நாப்பது நிமிஷத்துல வந்தாங்க.

கேப்டிவ் போல்ட்னு ஒரு கருவி. துப்பாக்கி மாதிரி வெடிக்கும், ஆனா குண்டு வெளிய போகாது. விரல் நீளத்துக்கு ஒரு இரும்புக் கம்பி பாய்ஞ்சு நெத்தியெலும்பை உடைச்சுட்டு உள்ள திரும்பிடும். எங்க வைக்கணும்னு எனக்குக் காட்டினாங்க: ஒவ்வொரு கண்ணுல இருந்தும் எதிர்ப்பக்கக் கொம்பு முளைக்கிற இடத்துக்கு மனசுல ஒரு கோடு போடு, ரெண்டு கோடும் குறுக்கிடற புள்ளி. கண்ணுக்கு நடுவுலன்னு எல்லாரும் நினைக்கறது தப்பு, அது கீழ போயிடும். கொம்புக் கெடாவுக்கு முன்நெத்தி எலும்பு தடிமன், அதனால தலைக்குப் பின்பக்கம் கொம்புக்கு நடுவுல இருந்து தாடையைப் பார்த்து வைப்பாங்களாம். சுட்ட நொடியே மாடு சரிஞ்சுடுச்சு. அதோட முடியலை. அது மயக்கம்தான், எழுந்துக்கக்கூட வாய்ப்பிருக்கு, அதனால உடனே ரத்தக்குழாயை அறுத்தாங்க.

இங்க ஐரோப்பியச் சட்டத்துல ஒரு வழி இருக்கு. ஆரோக்கியமா இருந்த மாடு விபத்துல முடங்கினா, மருத்துவர் உயிரோட பரிசோதிச்ச பிறகு பண்ணையிலேயே முடிச்சு, ரத்தம் வடிச்சு, உடலை மட்டும் இறைச்சிக் கூடத்துக்கு அனுப்பலாம். போய்ச் சேர ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆகும்னா குளிர்ப்பெட்டி வண்டி வேணும். கூடவே மருத்துவரோட சான்றும், என்னென்ன மருந்து போட்டோம்னு பண்ணைக்காரர் கையெழுத்தும் போகணும். எங்க மாட்டுக்கு முந்தின வாரம்தான் மடிநோய்க்கு ஊசி போட்டிருந்தோம். அதனால கறிக்கு ஆகாதுன்னு சொல்லிட்டு, செத்த மாடு எடுக்கற வண்டி வந்து கொண்டுபோச்சு. அதுக்குப் பண்ணைக்காரர்தான் பணம் கட்டினார். வருத்தமா இருந்தாரு, ஆனா கணக்குப் பார்த்துக்கிட்டு நிக்கலை.

எல்லாம் முடிஞ்சு தேத்தண்ணி குடிக்கறப்ப அவர்கிட்ட கேட்டேன், எப்படி இவ்வளவு சட்டுனு முடிவு பண்ணீங்கன்னு. அடுப்படிச் சுவரைக் காட்டினார். மருத்துவர் நம்பர், அவர் இல்லைன்னா யாரு, அவரும் இல்லைன்னா பக்கத்துப் பண்ணையில கருவி வச்சிருக்கறவர் நம்பர், மூணும் பென்சில்ல எழுதியிருந்துது. எழுதினது அவங்கப்பாவாம்.


கொரங்காட்டுக்காரன்

எல்லாருக்கும் நன்றிங்க. வேலையா இருந்துட்டு இன்னைக்குத்தான் முழுசாப் படிச்சேன்.

டாக்டருங்களுக்கு: கைல முள்ளுக் கீறல் இருந்துது. நேத்து ஊசி போட்டுட்டேன், வீட்டுக்காரிக்கும் போட்டாச்சு. இன்னும் தேதி குடுத்திருக்காங்க. கடி வாங்குன ரெண்டு ஆட்டுக்கும் தொடர் ஊசி ஆரம்பிச்சாச்சு, தனிப் பட்டியில கட்டியிருக்கேன். செத்த நாலுக்குப் பரிசோதனை பண்ணித்தான் புதைச்சோம், இன்சூரன்ஸ் காயிதம் எழுதியாச்சு. 1962 எனக்கு அன்னைக்கு ஞாபகமே வரலைங்க. போன்ல ஆயிரம் நம்பர் இருக்குது, அது இல்லை. இப்பப் படலுக்குப் பக்கத்துச் சுவத்துல சுண்ணாம்புல எழுதிட்டேன்.

பாய் சொன்னதக் கேட்டு எங்க ஊர்க் கறிக்கடைக்காரரைப் போய்ப் பாத்தேன். நாய்க்கடி இல்லாம, கால் முறிஞ்சது, கிணத்துல விழுந்ததுன்னா ராத்திரின்னாலும் வர்றேன்னு சொல்லியிருக்காரு. கறி வேண்டாம், முடிச்சுக் குடுத்தாப் போதும்னு நாய் கடிச்சதுக்கும் கேட்டேன். ரெண்டு நிமிசம் யோசிச்சுட்டு, கைக்கு உறை போட்டுட்டு வர்றேன்னாரு. கூலி எவ்வளவுன்னேன், டீ வாங்கிக் குடுங்கன்னாரு.

யாவாரியவும் விசாரிச்சேன். சுட்டிய எங்க எறக்குனாருன்னு கடைசி வரைக்கும் சொல்லலை. "உனக்குத்தான் காசு குடுத்தாச்சே"ன்னாரு. 1,800 ரூவாயத் திருப்பிக் குடுத்து அவளை எங்க போட்டீங்கன்னு கேக்கலாம்னுதான் போனேன், அத எடுக்காமயே திரும்பி வந்துட்டேன். அந்தக் காசோட இன்னும் கொஞ்சம் போட்டு வேலிக்கு ஓரமாக் கம்பிவலை வாங்கறதா இருக்கேன். வீட்டுக்காரி அந்தக் காசு வலைல கூட வேண்டாங்கறா. இன்னும் முடிவாகலை.

ஆத்தாவுக்கு ஒண்ணு கேக்கோணும். கடி வாங்குன ரெண்டுல சின்னது, பொறந்து மூணு மாசக் கெடாக்குட்டி. அன்னைக்குத் தொடைக் காயத்தை மட்டும்தான் பாத்தோம். நாலு நாளா அந்தக் காலை ஊனாமத் தூக்கிட்டே நிக்குது. முழங்காலுக்குக் கீழ கொஞ்சம் வீக்கம், தொட்டா இழுத்துக்குது. தழை திங்குது, அசை போடுது. பத்தை கட்டலாமுங்களா?


ஆட்டுக்கார ஆத்தா

இழுத்துக்குதுன்னா சொரணை இருக்குது. அசை போடுதுன்னா ஆசையும் இருக்குது. முதல்ல டாக்டர்கிட்டக் காட்டி, கடிக் காயத்துல சீழ் வச்சிருக்குதான்னு பாத்துட்டு அப்பறம் கட்டு. காயத்து மேல பத்தை வராம, அந்த எடத்துல மருந்து போடச் சந்து விட்டுக் கட்டோணும். நாயி கடிச்ச குட்டி, வெறுங்கையால தொடாத. பைப்பு ஒண்ணரை இஞ்சு போதும்.

போட்டோ எடுத்துப் போடு கண்ணு, பேத்திகிட்ட காட்டச் சொல்றேன்.